கோடிங் வேலைக்குக் கங்காணி யார்?

நீலாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் சாலாக் திங்கி, டிங்கில் வழியாகச் சைபர்ஜெயா முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். வழியெல்லாம் செம்பனை, லாரி, வீட்டுமனை விளம்பரம், மறுபடியும் செம்பனை. நாட்டின் தகவல் தொழில்நுட்ப நகரம் என்று 1997 மே மாதம் அப்போதைய பிரதமர் மகாதீர் திறந்து வைத்த ஊர் அது. ஒட்டினாற்போல் புத்ராஜெயா. அந்த நிர்வாகத் தலைநகர் எழும்புவதற்கு முன் அங்கே இருந்தது பிராங் புசார் தோட்டம். முதல் உலகப் போர் முடிந்து வந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் 1921இல் காட்டை அழித்துப் போட்ட ரப்பர் தோட்டம் அது. பக்கத்தில் கேலவே, மேடிங்லி, செட்ஜ்லி என்று இன்னும் மூன்று. நான்கு தோட்டத்து மக்களும் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். சுவரில் விரிசல் விட்ட அந்த வீடுகளுக்காக அவர்கள் ஏறி இறங்கிய படிகளைப் பற்றி நம் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் எழுதின.

அப்பா பால் வெட்டிய மண்ணில் மகன் கோடிங் எழுதுகிறான் என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் மகனுக்கு அங்கே முதலில் வேலை கிடைக்க வேண்டுமே.

கணினி அறிவியல் பட்டத்தோடு வெளியே வந்து, முதல் புரோகிராமர் வேலைக்காக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. தோட்டத்துப் பிள்ளை என்றால் இன்னும் லயத்தில் இருப்பவர் மட்டுமல்ல. பழம் வெட்டுவதற்கு இப்போது பெரும்பாலும் வங்காளதேசியும் இந்தோனேசியரும் வந்துவிட்டார்கள். பல குடும்பங்கள் சிரம்பான், ரந்தாவ், பகாவ் பக்கத்து மலிவு விலை வீடுகளுக்கு நகர்ந்துவிட்டன. மாநிலத்தில் 61 தமிழ்ப்பள்ளிகள். தோட்டம் போன பிறகும் பலவற்றின் பெயரில் ‘லாடாங்’ போகவில்லை. லாபு, சுவா பெத்தோங், ஜெராம் பாடாங், கெடிஸ் என்று அந்தப் பள்ளிகளில் அரிச்சுவடி படித்தவர்கள்தான் இன்று ஜாவாவும் பைத்தானும் தெரியும் என்று ரெசுமேயில் எழுதுகிறார்கள்.

பட்டம் வரைக்கும் வருவதே ஒரு தனிக் கதை, ஆனால் அது நமக்குப் பழகிய கதை. எஸ்பிஎம், பிறகு மெட்ரிகுலேஷனா எஸ்டிபிஎம்மா என்ற தவிப்பு, கோட்டாக் கணக்கு. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தின் வார இறுதி வகுப்புகளில் உட்கார்ந்து தேறியவர்கள் ஏராளம். சிரம்பானிலேயே யூஐடிஎம் வளாகம் இருக்கிறது, அங்கே கணினி அறிவியலும் இருக்கிறது. ஆனால் அது பூமிபுத்ரா மாணவர்களுக்கான பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் பெர்லிஸோ திரங்கானுவோ, மூட்டை கட்ட வேண்டியதுதான். கிடைக்காவிட்டால் நீலாயிலேயே இன்டி மாதிரி தனியார் பல்கலைக்கழகம், பிடிபிடிஎன் கடன்.

இவ்வளவையும் தாண்டி வந்த பிள்ளை வேலை விளம்பரத்தைத் திறக்கும் இடத்திலிருந்துதான் எழுதப்படாத பகுதி ஆரம்பிக்கிறது.

விளம்பரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

வேலை தேடும் தளமான ஜாப்ஸ்திரீட்டை 1997இல் தொடங்கியவர் மார்க் சாங், மலேசியர். இன்று அதை வைத்திருப்பது சீக் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம். அதிலோ, பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸிலோ ‘ஜூனியர் டெவலப்பர்’ என்று தேடினால் வரிசையாக வந்து விழும். புதிய பட்டதாரிகள் வரவேற்கப்படுகிறார்கள் என்று முதல் வரி. இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும் என்று நான்காம் வரி. கடைசி வரியில், மாண்டரின் தெரிந்தால் முன்னுரிமை.

முதல் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றனவே என்று பிள்ளைகள் திகைத்து, ‘நமக்கில்லை’ என்று அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். அனுபவ ஆண்டு என்பது பெரும்பாலும் மனிதவளப் பிரிவு பழைய விளம்பரத்திலிருந்து எடுத்து ஒட்டியது. பல்கலைக்கழகத்து இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங், இறுதியாண்டு புராஜெக்ட், எங்காவது கடைக்குச் செய்து கொடுத்த ஒரு வலைத்தளம் இவற்றைச் சேர்த்து வைத்தால் அந்த வரியைத் தாண்டிவிடலாம். யாரும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. கேட்கப்பட்டதில் பாதி தெரிந்தால் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். துறைக்குள் இருப்பவர் எல்லாருக்கும் இது தெரியும், வெளியே இருப்பவருக்குத்தான் தெரியாது.

மாண்டரின் விஷயம் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. சில வேலைகளுக்கு அது உண்மையிலேயே தேவை, வாடிக்கையாளர் தைவானிலோ ஷென்சென்னிலோ இருக்கலாம். சில இடங்களில் குழு சாப்பாட்டு மேசையில் பேசும் மொழி அது, அவ்வளவுதான். எது எது என்று விளம்பரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மொழி மட்டுமல்ல, பெயரும் அழைப்பை மாற்றுகிறதா என்பதைப் பற்றி லீ ஹ்வோக் ஆன், முகமது அப்துல் காலிட் என்ற இரு பொருளியலாளர்கள் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தகுதி ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி கற்பனை ரெசுமேக்கள் தயாரித்து, கணக்கியல், பொறியியல் வேலைகளுக்குத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சீனப் பெயர் இருந்த ரெசுமேக்களில் 22 விழுக்காட்டுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. மலாய்ப் பெயருக்கு 4 விழுக்காடு. இந்த எண்களை நம் ஆட்களும் அடிக்கடி எடுத்துப் பேசுகிறார்கள். அந்த ஆய்வில் இந்தியப் பெயர் சேர்க்கப்படவே இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

நாட்டில் மட்டுமல்ல, உலகம் முழுக்கவே முதல் வேலை இறுகிப்போயிருக்கும் காலம் இது. 2022 கடைசியிலிருந்து பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆள்குறைப்பில் இறங்கின. அதே ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. ஜூனியரிடம் கொடுக்கும் சில்லறை வேலைகளை, ஒரு படிவம் கட்டுவது, ஒரு சோதனை எழுதுவது போன்றவற்றை, சீனியர்கள் இப்போது இயந்திரத்திடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். படிக்கட்டின் முதல் படியையே எடுத்துவிட்டு மேலே ஏறி வா என்கிறார்கள். இதில் தோட்டத்துப் பிள்ளைக்கென்று தனி அநியாயம் எதுவும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் இடம் குறையும்போது யார் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது.

‘அது கோயில் வேலைதானே சார்’

நான் நேர்காணல் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஜூனியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தபோது பகாவ் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் விண்ணப்பம் வந்தது. ரெசுமேயின் முதல் பாதி முழுக்க மொழிகளின் பெயர். சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பிஎச்பி, பைத்தான் என்று போய்க் கடைசியில் மைக்ரோசாஃப்ட் வேர்டில் முடிந்தது. இறுதியாண்டு புராஜெக்ட், நூலக நிர்வாக முறை; நாட்டில் பாதிப் பட்டதாரிகள் செய்தது. எங்கள் குழுவில் ஒருவர் ஏற்கனவே அதை ஒதுக்கிவிட்டிருந்தார். அந்த வாரம் ஆள் போதவில்லை என்பதால்தான் வீடியோவில் அழைத்தோம்.

அழைப்பு இரண்டு முறை அறுந்தது. வீட்டில் லைன் சரியில்லை, அண்ணனுடைய கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறேன் என்றார். வழக்கமான கேள்விகளுக்கு வழக்கமான பதில்கள். நேரம் மிச்சமிருந்ததால், நீங்கள் எழுதிய நிரலை வேறு யாராவது நிஜமாகவே பயன்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கோயில் கணக்கைச் சொன்னார்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா உபயக் கணக்கை அவர் அப்பாதான் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தாராம். அதைக் கணினிக்கு மாற்றினார். முதல் ஆண்டு உபயகாரரின் பெயரையே அடையாளமாக வைத்துவிட்டார். ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ள இருவர் இருந்தார்கள். ஒருவர் இரண்டாம் நாள் உபயம், மற்றவர் தேருக்குப் பூ. இருவர் பணமும் ஒரே கணக்கில் விழுந்து ஒருவருக்கு ரசீதே போகவில்லை. கமிட்டியில் சத்தம். அடுத்த ஆண்டு கைபேசி எண்ணை அடையாளமாக்கினார். ஓர் அப்பாவும் மகனும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தார்கள், மறுபடியும் சிக்கல். அடையாள அட்டை எண்ணைக் கேட்கலாமென்றால் அர்ச்சனைக்கு எதற்கு ஐசி என்று பெரியவர்கள் முறைத்தார்கள். மூன்றாம் ஆண்டுதான், ஆளோடு ஒட்டாத ஒரு வரிசை எண்ணை நிரலே கொடுத்துவிடும்படி செய்து, பெயரும் எண்ணும் மாறினாலும் கணக்கு மாறாமல் வைத்தார்.

தரவுத்தளப் பாடத்தில் ‘முதன்மைச் சாவி’ என்று ஒரு பக்கத்தில் படித்து மறந்துவிடும் விஷயம் அது. இவர் அதைச் சண்டை வாங்கிக் கற்றிருக்கிறார். அதுவரை என் பக்கத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் கேள்வி கேட்டார்.

இதை ஏன் ரெசுமேயில் போடவில்லை என்று கேட்டதற்கு, “அது கோயில் வேலைதானே சார்” என்றார்.

எங்களால் அவரை எடுக்க முடியவில்லை. அந்த மாதமே புதிய ஆளெடுப்பை மேலிடம் நிறுத்திவிட்டது. அவருடைய ரெசுமேயை, முதல் பக்கத்தில் உபயக் கணக்கை எழுதச் சொல்லி வாங்கி, வேறு நிறுவனத்தில் இருந்த நண்பருக்கு அனுப்பினேன். அங்கே சேர்ந்தார். விளம்பரம் வழியாக அதே நிறுவனத்துக்கு அவர் முன்பே விண்ணப்பித்திருந்தாராம், பதிலே வரவில்லை.

தலைக்காசு

அன்றைக்கு நான் செய்தது கங்காணி வேலை. யோசித்துப் பார்த்தால் நம் தாத்தா பாட்டி இந்த நாட்டுக்கு வந்ததே அப்படித்தான். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தன் சொந்த ஊருக்குப் போவார். தெரிந்த குடும்பம், தெரிந்த சாதி, தெரிந்த தெரு என்று ஆள் திரட்டி, நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாம் வழியாகக் கப்பலேற்றுவார். தோட்டத்தில் அவர் ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு என்று அவருக்கு ஒரு பங்கு. 1938இல் இந்திய அரசாங்கம் தடை போடும் வரை இது நடந்தது. கடனில் கட்டிப் போட்டது, அடித்தது, ஏய்த்தது எல்லாம் அந்த முறைக்குள் உண்டு. அதற்கு மாலை போட நான் வரவில்லை.

ஆனால் அதன் எலும்புக்கூடு அப்படியே சைபர்ஜெயாவில் நிற்கிறது. பெரும்பாலான மென்பொருள் நிறுவனங்களில் ஊழியர் பரிந்துரைத் திட்டம் இருக்கும். நீங்கள் சொன்ன ஆள் வேலைக்குச் சேர்ந்து புரொபேஷன் முடித்தால் உங்கள் கணக்கில் ஓராயிரம், இரண்டாயிரம் வெள்ளி விழும். தலைக்காசுதான், பெயர் மட்டும் ரிஃபரல் போனஸ். பரிந்துரையோடு வரும் ரெசுமேயை மனிதர் படிக்கிறார். விளம்பரம் வழியாக வருவதை முதலில் வடிகட்டும் மென்பொருள் படிக்கிறது, பிறகு நேரமிருந்தால் மனிதர். பல நல்ல வேலைகள் விளம்பரத்துக்கே வருவதில்லை. குழுவுக்குள் யாரோ ஒருவருடைய கல்லூரித் தோழரிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

தோட்டத்துப் பிள்ளைக்கு இல்லாதது இந்தத் தொடர்பு. அறிவு இருக்கிறது, பட்டம் இருக்கிறது, சொல்ல ஆளில்லை. சொந்தத்தில் லாரி ஓட்டுநர் இருப்பார், பாதுகாவலர் இருப்பார், ஆசிரியர் இருப்பார், தாதி இருப்பார். “எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்க, ரெசுமே குடு” என்று சொல்ல ஒரு புரோகிராமர் மாமா இருக்க மாட்டார். இதைத் திறமைக் குறைவு என்று புரிந்துகொள்வதால்தான் நம் பிள்ளைகள் இன்னொரு சான்றிதழ், இன்னொரு ஆன்லைன் கோர்ஸ் என்று பணத்தை விடுகிறார்கள்.

மலேசியத் தமிழனுக்குக் கணினியில் முன்னோடி இல்லாமல் இல்லை. 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம்மவர். ஆப்பிள் கணினியிலும் ஐபோனிலும் நாம் படிக்கும் தமிழ் எழுத்துருக்கள் அவர் வடித்தவை. பாராட்டு விழா எடுக்க முன்னோடி போதும். வேலை வாங்க, இரண்டு ஆண்டு மூத்த ஒரு சாதாரண ஆள் வேண்டும்.

காலமும் காசும்

வேலை கிடைக்கும் வரை பொறுத்திரு என்பது சுலபமான அறிவுரை. தோட்டத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். 2013 ஜூலை முதல் ஓய்வு வயது 60. அப்பா ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளையின் முதல் சம்பளத்தை நம்பித்தான் பல வீடுகளில் வங்கிக் கடன் கணக்கே போடப்படுகிறது. படிப்பு முடிந்து ஓராண்டில் பிடிபிடிஎன் தவணையும் கதவைத் தட்டும். கோலாலம்பூரில் வாடகைக்கு ஓர் அறை எடுக்க முன்பணம், ஒரு மாத வாடகை என்று உள்ளே நுழையும்போதே ஆயிரத்துக்கு மேல் போய்விடும். முதல் சம்பளம் அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான். தினம் போய் வரலாமென்றால் சிரம்பானிலிருந்து கொமுட்டர் ரயில் கோலாலம்பூருக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சைபர்ஜெயாவுக்கு நேர் ரயில் கிடையாது. பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கி மாற வேண்டும். பகாவ்காரருக்கு அந்தக் கொமுட்டரும் இல்லை.

அதனால் நீலாய்க் கிடங்கில் ஷிஃப்ட் வேலை, பார்சல் டெலிவரி, கிராப். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஓவர்டைம் சேர்த்தால் ஜூனியர் டெவலப்பர் சம்பளத்துக்கு அருகில் வந்துவிடும். ஆறு மாதம் என்று போனவர் இரண்டு ஆண்டு இருந்துவிடுகிறார். பிறகு நேர்காணலில் இந்த இடைவெளி ஏன் என்று கேட்கிறார்கள். கேட்பவருக்குக் கிடங்கும் தெரியாது, சாவி திருப்பிக் கொடுக்கும் கணக்கும் தெரியாது.

சைபர்ஜெயாவில் டெல், டிஎச்எல், எச்எஸ்பிசி போன்ற நிறுவனங்களின் சேவை மையங்கள் இருக்கின்றன. இதுபோன்ற இடங்களில் ஹெல்ப்டெஸ்க் வேலை புரோகிராமர் வேலையைவிடச் சீக்கிரம் கிடைக்கும். ஆங்கிலம் பேசத் தெரிந்த நம் பிள்ளைகள் அங்கே நிறையவே உண்டு. நுழைவாயிலாக அது தப்பில்லை. உள்ளே போன முதல் ஆண்டிலேயே ஏதாவது ஒரு வேலையைத் தானியங்கியாக்கும் சிறு நிரல் எழுதி, அதைக் காட்டி வேறு பிரிவுக்கு மாறாவிட்டால் ஹெல்ப்டெஸ்க் முத்திரை ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் ஆண்டு அதை உரிப்பது கஷ்டம்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு வழியை யாரும் சொல்வதில்லை. சிரம்பானில் ஓன்செமி சிப் தொழிற்சாலை இருக்கிறது. சாம்சங் எஸ்டிஐ பேட்டரித் தொழிற்சாலை இருக்கிறது. இம்மாதிரித் தொழிற்சாலைகளில் உற்பத்திக் கட்டுப்பாட்டு மென்பொருள், சோதனை இயந்திரங்களுக்கான நிரல், தரவு அறிக்கை என்று கோடிங் வேலை ஏராளம். ‘சாஃப்ட்வேர் டெவலப்பர்’ என்ற பெயரில் வராது, ‘டெஸ்ட் என்ஜினியர்’, ‘ஆட்டோமேஷன்’, ‘எம்இஎஸ்’ என்று வரும். அப்பா காலத்தில் ஃபேக்டரி என்றால் ஆப்பரேட்டர் வேலை; அந்த எண்ணத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலை வைப்பதில்லை. இரவு வீட்டுக்கு வந்து சாப்பிடலாம், அறை வாடகை இல்லை. இரண்டு ஆண்டில் அனுபவம் என்ற அந்த வரியும் நிரம்பிவிடும். எனக்கு இப்போது இருபத்திரண்டு வயது என்றால் நான் இங்கேதான் தொடங்குவேன்.

பட்டமே வேண்டாம், கட்டணமும் வேண்டாம் என்று சொல்லும் 42 கோலாலம்பூர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, பாரிஸில் 2013இல் தொடங்கிய பள்ளியின் கிளை. முதல் சில வாரம் முழு நேரமும் அங்கேயே கிடந்து தேற வேண்டும். கட்டணம் இல்லாவிட்டாலும் அந்த நாட்களுக்குச் சோறு யார் போடுவது என்ற கேள்வி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் வேறு மாதிரி செய்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்தது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகத்தையே திறந்தது. ஊருக்கு வேலை வந்தது. நம் பக்கம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் மலேசியா விஷன் வேலி என்று தோட்ட நிலத்தில் பெரிய திட்டம் பேசப்படுகிறது. அந்த வேலைகள் எந்த வாசல் வழியாக வரும் என்பதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

உள்ளே போனவர்கள் ஏன் சொல்வதில்லை?

தோட்டத்திலிருந்து போய் இன்று நல்ல நிலையில் இருக்கும் புரோகிராமர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். உங்கள் நிறுவனத்தில் ரிஃபரல் போனஸ் இருக்கிறதே, இதுவரை எத்தனை பேரைச் சொன்னீர்கள்? பெரும்பாலும் யாரையும் சொல்லவில்லை. நேரமில்லை, யாரும் கேட்கவில்லை என்றார்கள். அது முழு உண்மை இல்லை. லாபு பக்கத்திலிருந்து போய் இன்று குழுத் தலைவராக இருக்கும் ஒரு தம்பிதான் கொஞ்சம் நெஞ்சைத் திறந்து பேசினார்.

“நான் சொன்ன ஆள் சரியா செய்யலன்னா என் பேர்தாண்ணே போவும். மத்தவங்க சொன்ன ஆள் சொதப்புனா, அந்த ஆள் சரியில்லன்னு விட்டுடுவாங்க. நம்ம ஆள் சொதப்புனா, இவங்களே இப்படித்தான்னு ஆயிடும். அதான் பயம்.”

ஆறு ஆண்டாக அங்கே இருக்கிறீர்களே, இன்னுமா என்று கேட்டேன்.

“எனக்கே இன்னும் புரொபேஷன் முடிஞ்ச மாதிரி இல்லண்ணே” என்று சிரித்தார். பிறகு, நான் ஏற்கனவே சொல்லி வைத்திருந்த ரந்தாவ் பையனைப் பற்றி விசாரித்தார். என்ன படித்தான், எதில் எழுதுவான், வீட்டுப்பாடமாக ஒரு நிரல் கொடுத்தால் செய்வானா என்று வரிசையாகக் கேட்டார். செய்வான் என்றேன்.

“சரி, ரெசுமேய அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு பக்கத்துக்கு மேல வேணாம். மைக்ரோசாஃப்ட் வேர்ட் தெரியும்னு மட்டும் எழுத வேணாம்னு சொல்லிடுங்கண்ணே.”